அழைக்காமல் உள்ளே வந்தால் என்ன ஆகும்?

அடுத்த கேள்வி. 'லெட் த ரைட் ஒன் இன்' பார்த்த ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஏலி வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் உடம்பெல்லாம் ரத்தம் வழிகிறதே, ஏன்? அந்த வீட்டில் மந்திரம் ஏதாவது போட்டிருந்தார்களா? படத்தில் விளக்கமே இல்லையே?"

மந்திரம் எதுவும் இல்லைங்க. ஏலி பார்க்கச் சிறுமி மாதிரி இருந்தாலும் ரத்தம் குடிக்கிற ரத்தக்காட்டேரி. அழைக்காமல் ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது ரத்தக்காட்டேரிக் கதைகளில் ரொம்பப் பழைய விதி. 1897-ல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலிலேயே இருக்கிறது. வீட்டு ஆள் ஒருவர் முதல் தடவை "உள்ளே வா" என்று சொல்ல வேண்டும். அப்புறம் ரத்தக்காட்டேரி இஷ்டம்போல வந்து போகலாம். சரி, யாரும் கூப்பிடாமலே நுழைந்தால்? பல கதைகளில் வாசலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருப்பது மாதிரி காட்டி, அத்தோடு விட்டுவிடுவார்கள்.

2008-ல் வந்த இந்த ஸ்வீடன் படத்தில் அந்தச் சுவரே கிடையாது. வாசல் திறந்துதான் இருக்கிறது. ஏலி நிற்கிறாள். அந்த வீட்டுப் பையன் ஆஸ்கர் "உள்ளே வரலாம்" என்று வாய்திறந்து சொல்ல மாட்டேன் என்கிறான். "இங்கே ஏதாவது தடுக்கிறதா?" என்று கேட்டு, காற்றில் கையை வீசிக் காட்டுகிறான். கவனித்தீர்களா, அது கேலி. பள்ளிக்கூடத்தில் தினமும் அடி வாங்குகிற 12 வயதுப் பையன் அவன். அவனைப் படுத்துகிறவர்களின் சாயல் அந்த ஒரு நிமிஷம் அவன் முகத்திலேயே வந்துவிடுகிறது. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஏலி வாதாடவில்லை. பேசாமல் உள்ளே வந்து நிற்கிறாள். உடம்பு நடுங்குகிறது. சட்டையில் ரத்தம் ஊறுகிறது, தலைமுடிக்குள்ளிருந்து இறங்குகிறது, கண்ணிலும் காதிலும் வழிகிறது. பதறிப்போய் "நீ உள்ளே வரலாம்!" என்று கத்தி ஆஸ்கர் அவளைக் கட்டிக்கொள்கிறான். ஒரு உயிரை அவன் கையில் யாராவது இப்படிக் கொடுத்திருப்பார்களா அதுவரைக்கும்? இயக்குநர் தோமஸ் ஆல்ஃபிரெட்சன் காரணம் சொல்லாமல் விட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். காரணம் சொல்லியிருந்தால் நாம் விதியைப் பற்றி யோசித்திருப்போம், அந்தப் பையனைப் பற்றி யோசித்திருக்க மாட்டோம்.

வெயில் விஷயமும் இதே மாதிரிதான். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்பது ஸ்டோக்கர் நாவலில் இல்லை. அதில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான், சக்திதான் குறைவு. வெயிலால் சாவது 1922-ல் வந்த ஜெர்மன் ஊமைப்படம் 'நோஸ்பெராட்டு' கொண்டுவந்தது. இந்தப் படத்தில் ஏலியிடம் கடிபட்ட வர்ஜீனியா மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். தான் என்னவாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் திரையைத் திறக்கச் சொல்வது அவளேதான். வெளிச்சம் விழுந்ததும் படுக்கையோடு பற்றி எரிகிறாள். அவளை யாரும் துரத்திப் பிடித்துக் கொல்லவில்லை.

முடிந்தால் இன்னொரு தடவை படத்தைப் போட்டு, இந்த வாசல் காட்சிக்கு முன்னால் வருகிற ஜன்னல் காட்சியைப் பாருங்கள். ராத்திரியில் ஏலி வந்து "உள்ளே வரலாம் என்று சொல்" என்கிறாள். ஆஸ்கர் படுத்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், சரி என்று சொல்லிவிடுகிறான். அப்போது அவனுக்கு அது வெறும் வார்த்தை.