கேஸ் ஷீட்டில் இடமில்லாதது

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவரிடம் போயிருப்பீர்கள். உடம்புக்கு என்ன என்று சொல்லத் தொடங்கியதுமே அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்பார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்வீர்கள். வெளியே வந்த பிறகுதான், "அடடா, முக்கியமானதைச் சொல்லவே இல்லையே" என்று தோன்றும். அந்த மருத்துவர் அக்கறை இல்லாதவர் அல்ல. குறுக்கே பேசியது அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை ஒருவர் எப்படித் திருத்திக்கொள்வார்?

மருத்துவ மாணவர்களை மீள்நோக்கு எழுத்து எழுதச் சொல்வது இதற்காகத்தான். வார்டில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், அடுத்த முறை என்ன செய்யப் போகிறேன் என்று எழுதிப் பார்ப்பது. இன்று பல நாடுகளில் இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வேலை செய்துகொண்டே யோசிப்பது வேறு, வேலை முடிந்தபின் திரும்பிப் பார்த்து யோசிப்பது வேறு என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்டு ஷோன் 1983-ல் பிரித்துக் காட்டினார். 1988-ல் பிரிட்டனைச் சேர்ந்த கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் அதற்கு ஆறு படிகள் வகுத்தார். நடந்தது என்ன, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி ஆனது, வேறு என்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வேன். நல்ல கேள்விகள்தான். ஆனால் அவை படிவமாக மாறி மாணவர் கைக்கு வரும்போது ஆறு கட்டங்களாகிவிடுகின்றன. கட்டம் நிரம்பினால் வேலை முடிந்தது.

அப்படி நிரம்பிய ஒரு பக்கம் எப்படி இருக்கும்? எடுத்துக்காட்டாக நானே ஒன்றைச் சொல்கிறேன். கேனுலா என்பது மருந்து ஏற்றுவதற்காகக் கை நரம்பில் செருகும் மெல்லிய குழாய். "இன்று ஒரு வயதான நோயாளிக்குக் கேனுலா போட்டேன். முதலில் பதற்றமாக இருந்தது. நோயாளியிடம் கனிவாகப் பேசுவதன் முக்கியத்துவத்தை உணர்ந்தேன். இனிமேல் நன்றாகப் பேசுவேன்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கில் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதியது போல இருக்கிறது. எந்த மாணவரும் எந்த நாளிலும் இதை எழுதிவிடலாம்.

அதே மாணவரை உட்காரவைத்து, "கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். இப்படி வரும். "இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை குத்தும்போது அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். 'ஆடாம இருங்கம்மா' என்றேன். பக்கத்தில் நின்ற மகள் குனிந்து என் பெயர் அட்டையைப் படித்தார். அவரை நிமிர்ந்து பார்க்காமல் பிளாஸ்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்."

இப்போது கேள்விகள் தாமாக வருகின்றன. இரண்டு முறை தவறினால் வேறொருவரைக் கூப்பிடுவது பல மருத்துவமனைகளில் வழக்கம். இவர் ஏன் கூப்பிடவில்லை? சீனியர் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டால் கையாலாகாதவன் என்று நினைப்பார் என்ற பயம். ஆக, இது கனிவாகப் பேசுகிற பிரச்சினையே அல்ல. உதவி கேட்கத் தயங்குகிற பிரச்சினை. இனி என்ன செய்வேன் என்பதும் மாறிவிடுகிறது. "இரண்டாவது முறை தவறியதும் 'மன்னிக்கணும், இன்னொருவரைக் கூப்பிடுகிறேன்' என்று நானே சொல்வேன். குத்துவதற்கு முன் கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான துணி வைத்து, நரம்பு எழும்புகிறதா என்று பார்ப்பேன்." அடுத்த நாள் காலையிலேயே செய்யக்கூடிய காரியம். நன்றாகப் பேசுவேன் என்பதை எந்த நாளில் செய்து முடிப்பது?

திரும்பத் திரும்ப நான் சொல்ல விரும்புவது இதுதான். பார்த்ததை எழுதுங்கள், முடிவை அப்புறம் எழுதலாம். நோயாளி கோபமாக இருந்தார் என்பது முடிவு. கையை இழுத்துக்கொண்டார் என்பது பார்த்தது. கோபமா வலியா என்பது நமக்கு இன்னும் தெரியாது. ஒரு பக்கம் போதும். அதில் பாதியாவது நடந்ததைச் சொல்வதற்குப் போகட்டும். அன்றைக்கே எழுதிவிட வேண்டும், தப்பினால் மறுநாள். பருவத்தின் கடைசி இரவில் மொத்தமாகப் பத்துப் பக்கம் எழுதினால், யார் என்ன சொன்னார்கள் என்பது மறந்துபோய்ப் பாடம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இந்த இடத்தில் ரீட்டா சாரனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர். 1993-ல் மாணவர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்தார். நோயாளியின் கேஸ் ஷீட்டில் என்ன எழுதலாம், எப்படி எழுதலாம் என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. ஒருவர் புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கிறார், அவரைப் பார்க்கும்போது அதே நோயில் போன தன் தாத்தா நினைவு வந்து, அறைக்குள் போகும்போதெல்லாம் மாணவருக்கு அழுகை வருகிறது. இதைக் கேஸ் ஷீட்டில் எழுத விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் எங்காவது எழுதியாக வேண்டும். அதற்கென்று ஒரு இணைக் குறிப்பேடு.

நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட நோயாளியைப் பற்றியதாக இருக்க வேண்டும், சாதாரண மொழியில் ஒரு பக்க அளவு, எழுதியதைச் சக மாணவர்கள் முன் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்கிறவர்கள் முதலில் பேசுவது எழுத்தைப் பற்றி. கதையைச் சொல்வது யார், எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் காலம் தாவுகிறது, யாருடைய குரல் அதில் இல்லை. எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு. ஏனென்றால், "நீ செய்தது தவறு" என்று சொன்னால் மாணவர் வாயை மூடிக்கொள்வார். "இதில் அந்த மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லையே" என்று கேட்டால் யோசிப்பார். ஆறேழு பேர் இருந்தால் போதும். இருபது பேருக்கு மேல் போனால் அது வகுப்பறை, யாரும் மனம் விட்டுப் படிக்கமாட்டார்கள்.

மதிப்பெண்? மாணவர்கள் கெட்டிக்காரர்கள். வருத்தப்பட்டால் மதிப்பெண் கூடும் என்று தெரிந்துவிட்டால் அழகாக வருத்தப்பட்டு எழுதுவார்கள். எழுதினார்களா இல்லையா என்று பதிவு செய்தால் போதும், உணர்வுக்கு எண் போட வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் ஆசிரியர் கட்டாயம் படிக்க வேண்டும். வெறும் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த பக்கம் அந்த டிக்குக்காகவே எழுதப்படும். ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள், ஒன்றே ஒன்று. அறிவுரை அவசரமில்லை.

எழுதப் பயப்படுகிறவர்களும் உண்டு. நாளை நீதிமன்றத்துக்குப் போய்விடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். 2018-ல், பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் பொது மருத்துவக் கவுன்சில் வேறு சில மருத்துவக் கல்வி அமைப்புகளோடு சேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவர் மீதான புகாரை விசாரிக்கும்போது அவருடைய மீள்நோக்குக் குறிப்பைத் தாங்கள் கேட்பதில்லை என்றது கவுன்சில். ஆனால் நீதிமன்றம் கேட்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அதனால் பெயர், கட்டில் எண், தேதி, ஊர், நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம். கையை இழுத்துக்கொண்டது வேண்டும். செயலில் துல்லியம், ஆளில் மறைவு. இன்னொன்று, நோயாளிக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் அதை முறைப்படி அறிக்கையாகக் கொடுத்தே ஆக வேண்டும். குறிப்பேட்டில் எழுதியதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

நேரம் நெருங்கிவிட்டது. நோயைக் கண்டறிவதில் இதே பழக்கம் எப்படி உதவும் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்மையில் பார்த்த நோயையே அடுத்தவரிடமும் பார்ப்பது மருத்துவருக்கு வரக்கூடிய தடுமாற்றம். நெதர்லாந்தில் சில்வியா மாமெடேயும் ஹெங்க் ஷ்மிட்டும் சக ஆய்வாளர்களோடு இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்களிடம் இந்தத் தடுமாற்றம் தெரிந்தது. நிதானமாக, முறைப்படி மறுபடி யோசிக்கச் சொன்னபோது சரியான முடிவுகள் கூடின. முறை இதுதான், எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் தோன்றிய நோயை எழுதுங்கள். அதற்குச் சாதகமான அறிகுறிகள் எவை? எதிரானவை எவை? அந்த நோயாக இருந்தால் இருந்திருக்க வேண்டும், ஆனால் இவரிடம் இல்லை என்பவை எவை? பிறகு, முதலில் நினைத்தது தவறென்றால் வேறு என்னவாக இருக்கலாம் என்று எழுதி, அதற்கும் இதே மூன்று கேள்விகள். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், இல்லாத ஒன்று கண்ணில் படாது என்பதால். அதை விடாதீர்கள்.

வணக்கம்.