கார்புரேட்டர் புல்லட்ல ஸ்பிட்டி: சிம்லா பக்கமா, மணாலி பக்கமா?

அடுத்த கேள்வி. "பி.எஸ்.4 புல்லட் 350 வச்சிருக்கேன், கார்புரேட்டர் வண்டி. செப்டம்பர்ல ஹிமாச்சல்ல இருக்கற ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போறோம், மனைவியும் பின்னாடி உக்காந்து வர்றாங்க. மணாலி வழியா போனா ஒரே நாள்ல காஸா சேர்ந்துடலாம்னு சொல்றாங்க, போகலாமா? மேல வண்டி திணறுமா? எந்த மடாலயத்தை விடக்கூடாது?"

சிம்லா பக்கமா ஏறுங்க, மணாலி பக்கமா இறங்குங்க. மிச்சக் கேள்விக்கும் பதில் இதுக்குள்ளயே இருக்கு.

மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்க தூங்கி எழுந்து, அன்னிக்கே 4,551 மீட்டர் குன்சும் கணவாயைத் தாண்டி, ராத்திரி ஸ்பிட்டியோட முக்கிய ஊரான காஸாவுல, 3,700 மீட்டர்ல படுக்கறீங்க. தலைவலி, வாந்தி, தூக்கமில்லாமை எல்லாம் அங்கதான் ஆரம்பிக்கும். 3,000 மீட்டருக்கு மேல, முந்தின ராத்திரி தூங்கின இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல கூடாம பாத்துக்கணும். பகல்ல எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்ல, தூங்கற உயரம்தான் கணக்கு. உயரத்தால வர்ற இந்தத் தொந்தரவைத் தடுக்கற டயமாக்ஸ் மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. சல்ஃபா அலர்ஜி இருந்தா அதையும் சொல்லிடுங்க.

சிம்லா பக்கம் இந்தக் கணக்கு தானா சரியா வரும். ராத்திரி தங்கற நார்கண்டா 2,700 மீட்டர், கல்பா 2,960. அடுத்த நாள் நாக்கோ. அது 3,660 மீட்டர், அங்க தங்காதீங்க. ஏரியையும் பழைய கோயில்களையும் பாத்துட்டு, 3,280 மீட்டர்ல இருக்கற தாபோவுக்கு இறங்கித் தூங்குங்க. நாக்கோ தாண்டினதும் மல்லிங் நாலாங்கற ஓடை வரும். மேலேருந்து கல் உருண்டு விழற இடம், போட்டோவுக்கு நிறுத்தாதீங்க. இந்த வழியில வர்ற கின்னௌர் மாவட்டத்துல செப்டம்பர் பாதி வரைக்கும் மழைல சரிவு விழும், அதனால ஒரு நாள் கையிருப்பா வச்சுக்கோங்க.

விடக்கூடாதது எதுன்னு கேட்டா, தாபோதான். 996ல கட்டினது. வெளியேருந்து பாத்தா வெறும் மண் சுவர், 'இதுக்கா வந்தோம்'னு தோணும். உள்ள போனா சுவர் முழுக்க ஓவியம், சுத்தி ஆள் உயரத்துக்குச் சுதைச் சிற்பங்கள், நடுவுல வைரோசன புத்தர். வெளிச்சம் ரொம்பக் கம்மி, போட்டோ எடுக்கக் கூடாது. கண்ணு பழக கொஞ்ச நேரம் உக்காருங்க. அங்க ரெண்டு ராத்திரி தங்கினா உடம்புக்கும் நல்லது. அடுத்து தங்கர், 3,894 மீட்டர். ஸ்பிட்டியோட பழைய தலைநகரம். பழைய மடாலயம் மண் அரிச்ச குன்று முனையில நிக்குது, கூட்டமா மேல ஏறாதீங்க. கீ மடாலயம் 4,166. ஹிக்கிம், கோமிக் கிராமங்கள் எல்லாம் இன்னும் மேல. அதையெல்லாம் பகல்ல போய்ட்டு ராத்திரி காஸாவுக்கே இறங்கிடுங்க. ரைடிங் பூட்ஸை ஒவ்வொரு வாசல்லயும் கழட்டணும், அதனால ஒரு செருப்பு எட்டற இடத்துல இருக்கட்டும். மடாலயத்தைச் சுத்தறது எப்பவும் வலமாத்தான்.

இப்போ வண்டி. 4,500 மீட்டர்ல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பத்துல ஆறு பங்கு கூட இல்ல. இன்ஜெக்‌ஷன் வண்டியில சென்சார் பாத்துப் பெட்ரோலைக் குறைச்சுடும். கார்புரேட்டர் அவ்வளவுக்குக் குறைக்காது. பெட்ரோல் மிஞ்சும், பிளக்ல கறுப்பா கரி படியும், ஐடில்ல ஆஃப் ஆகும். இதுக்காக கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளையான மெயின் ஜெட்டைச் சின்னதா மாத்தாதீங்க. அதே ஜெட்டோட சண்டிகர் வெயில்ல ஓட்டினா பெட்ரோல் போதாம இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கும். ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு ஓட்டறதும் வேண்டாம், அந்தத் தூசி சிலிண்டரோட உள்சுவரைத் தேய்ச்சுடும். புது ஃபில்டர் போட்டுக்கோங்க, ஐடிலைக் கொஞ்சம் ஏத்துங்க, ஸ்பேர் பிளக் ரெண்டு வச்சுக்கோங்க. காத்தும் பெட்ரோலும் கலக்கற அளவை மாத்தற மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடறதா இருந்தா எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. ஃபில்டர் பக்கம் இருந்தா அது ஏர் ஸ்க்ரூ, வெளிய திருப்பினா பெட்ரோல் பங்கு குறையும். இன்ஜின் பக்கம் இருந்தா அது பெட்ரோல் ஸ்க்ரூ, உள்ள திருப்பணும். மாத்தித் திருப்பிட்டு 'வண்டி இன்னும் மோசமாச்சு'ன்னு சொல்றவங்கதான் அதிகம். திருப்பறதுக்கு முன்னாடி எத்தனை சுத்துல இருந்துச்சுன்னு எழுதி வச்சுக்கோங்க.

இழுவை எப்படியும் மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும். ரெண்டு பேர், மூட்டை வேற. அதனால ஊசி வளைவுல பாதி கிளட்ச்ல தொங்கவிடாதீங்க, கிளட்ச் பிளேட் கருகறது அங்கதான். வளைவுக்கு முன்னாடியே ஃபர்ஸ்ட் கியர், கிளட்சை முழுசா விட்டுட்டு ஏறுங்க. ரொம்ப இழுக்கலைன்னா மனைவியை அந்த ஒரு வளைவுக்கு இறங்கி நடக்கச் சொல்லுங்க, ஆனா மெதுவா, அந்த உயரத்துல ஓடக் கூடாது. கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் ஒண்ணொண்ணு கூடவே இருக்கட்டும். கிளட்ச் கேபிளைப் பழசு பக்கத்துலயே டேப் போட்டு ஒட்டி வச்சுட்டா, அறுந்த இடத்துலயே மாத்திக்கலாம்.

டயர் காத்து நிறைய பேர் கவனிக்காதது. கீழ அடிச்ச டயரை மேல பாத்தா, வெளி அழுத்தம் குறைஞ்சதால கேஜ்ல 5, 6 பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். டயர் கல்லு மாதிரி ஆகி ஜல்லியில வழுக்கும். காஸாவுல இறக்கிடுங்க. ஆனா ரொம்ப இறக்காதீங்க, ரெண்டு பேர் பாரத்துக்குக் கூர்க்கல்லுல ட்யூப் நசுங்கிக் கிழியும். மணாலி வந்ததும் மறுபடி ஏத்திக்கோங்க.

பெட்ரோல். கல்பா பக்கத்துல இருக்கற ரெக்காங் பியோவுக்குக் கீழ போவாரியில பங்க், அதை விட்டா காஸாதான். நடுவுல 200 கி.மீ., அது பிரச்சனையில்ல. காஸாவுலேருந்து மணாலிதான் பிரச்சனை. சந்திரதால் ஏரியும் சேத்தா 200க்கு மேல வரும், வழியில பங்க் கிடையாது. லிட்டருக்கு 35 கொடுக்கற வண்டி, வழியில வர்ற பாத்தல், சத்ரு பக்கம் ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்லயே ஊர்ந்து 20 கொடுத்தா, டேங்க்ல பெரும்பகுதி காலி. 5 லிட்டர் கேன்ல தனியா வச்சுக்கோங்க.

அந்த வழியில நாலாக்கள் வரும், ரோட்டுக்குக் குறுக்க ஓடற பனி உருகின தண்ணி. வெயில் ஏற ஏற தண்ணியும் ஏறும், மதியத்துக்கு மேல வேகம் கூடிடும். சந்திரதால்லேருந்து காலைல வெளிச்சம் வந்ததும் கிளம்புங்க. முதல்ல மனைவி இறங்கிக்கட்டும், நீங்க ஆழத்தையும் கல்லையும் பாருங்க. அப்புறம் ஃபர்ஸ்ட் கியர்ல ஒரே சீரா ஆக்சிலரேட்டர். கண்ணு அக்கரையில இருக்கணும், முன் சக்கரத்தைப் பாக்காதீங்க. நடுவுல ஆஃப் ஆயிட்டா செல்ஃப் அடிக்காதீங்க, தள்ளி வெளிய கொண்டு வாங்க. ஃபில்டர் பாக்ஸைத் திறந்து பாருங்க. ஈரம் இருந்தா பிளக்கைக் கழட்டிட்டு, பெட்ரோல் குழாயை மூடிட்டு, கிக்கரை நாலு தடவை மிதிச்சுத் தண்ணியை வெளியேத்துங்க. சிலிண்டருக்குள்ள தண்ணியோட ஸ்டார்ட் பண்ணா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்.

குன்சும் மூடிட்டாங்கன்னா காஸாவுல உக்காந்து காத்திருக்காதீங்க, வந்த கின்னௌர் வழியாவே திரும்பிடுங்க. அது குளிர்காலத்துலயும் பெரும்பாலும் திறந்திருக்கற ரோடு.