கடனாளிகளுக்காக யோசித்த ஊர், கடனாளிகள் வராத ஊர்

வணக்கம் நண்பர்களே! அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்தில் இருக்கிறேன். இது சிப்பெவா சதுக்கம். எனக்குப் பின்னால் சிலையாக நிற்பவர் ஜேம்ஸ் ஓகல்தோர்ப், இந்த ஊரை உண்டாக்கியவர். லண்டன் சிறைகளில் கிடந்த கடனாளிகளை அழைத்து வந்து குடியமர்த்தினார் என்று கேள்விப்பட்டுத்தான் நானும் வந்தேன். படித்துப் பார்த்தால் பாதிதான் உண்மை.

ஆரம்பம் லண்டனின் ஃபிளீட் சிறையில். கடனைக் கட்டாதவர்களை அங்கே அடைத்து, தங்குவதற்கும் அவர்களிடமே காசு வாங்குவார்கள். சிறைக் காப்பாளர் பதவியே விலைக்குக் கிடைத்தது! தாமஸ் பாம்பிரிட்ஜ் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து 5,000 பவுண்டுக்கு அதை வாங்கினார். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே, கைதிகளிடம்தான் கறந்தார்.

அங்கே மாட்டியவர் ராபர்ட் காஸ்டெல். கட்டடக் கலை படித்தவர், ஓகல்தோர்ப்பின் நண்பர். பழங்கால ரோமானியரின் வீடு, தோட்டம் பற்றி 1728-இல்தான் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். கேட்ட காசைத் தர முடியாமல் போனதும், பெரியம்மை கண்டிருந்த ஒரு வீட்டில் கொண்டுபோய் அடைத்தார்கள். தனக்கு அம்மை வந்ததே இல்லை, வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1729-இல் சிறைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவுக்கு ஓகல்தோர்ப் தலைவரானார். பாம்பிரிட்ஜ் மீது கொலை வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார். சரி, வெளியே வந்த கடனாளிகள் எதைச் சாப்பிடுவார்கள்? அந்தக் கேள்வியிலிருந்துதான் புதுக் குடியேற்றம் என்ற யோசனை வளர்ந்தது.

1732-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் சாசனம் கொடுத்தார். ஆனால் ஸ்பெயினின் கையிலிருந்த ஃபுளோரிடாவுக்கும் தெற்கு கரோலினாவுக்கும் நடுவில் காவலுக்கு ஆட்கள் வேண்டும் என்பதும் அரசின் கணக்கு. அதனால் உழைக்கக்கூடிய ஏழைகளை, கைத்தொழில் தெரிந்தவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். நவம்பரில் 'ஆன்' கப்பலில் சுமார் 114 பேர் கிளம்பினார்கள். சிறையிலிருந்து நேராக வந்தவர் என்று சொல்ல ஏறக்குறைய ஒருவரும் இல்லை.

1733 பிப்ரவரியில் இங்கே இறங்கியவர்களுக்கு இடம் கொடுத்தவர் யமக்ரா பழங்குடித் தலைவர் டொமோசிச்சி. மொழிபெயர்த்தவர் மேரி மஸ்கிரோவ். அந்த இருவரும் இல்லையென்றால் இந்த ஊர் இல்லை. அப்புறம், 1735-இல் அடிமை முறைக்கே தடை போட்டார்கள்! எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1751-இல் அதையும் எடுத்துவிட்டார்கள் என்பதுதான் வேதனை.

வாருங்கள், புல் தெரு வழியாக நடப்போம். இது ரைட் சதுக்கம், டொமோசிச்சியை அடக்கம் செய்த இடம். அடுத்தது ஜான்சன் சதுக்கம், 1733-இல் முதலில் அளந்தது. நடுவில் திறந்த வெளி, சுற்றிலும் வீடுகள். இந்த அமைப்பில் காஸ்டெலின் நூலுடைய சாயல் இருக்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. உறுதியான ஆதாரம் கிடையாது. எனக்கு நம்பத்தான் ஆசையாக இருக்கிறது.