சிவப்பு விளக்கில் வளர்ந்த கண்கள்

நண்பர்களே, பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 24. எவ்வளவு நீளம் போதும் என்பதற்கு, விழித்திரையில் விழும் பிம்பத்தையும் பார்த்துத்தான் கண் தன் வளர்ச்சியைச் சரிசெய்துகொள்கிறது. இதற்கு மூளையின் உத்தரவுகூட அவ்வளவாகத் தேவையில்லை. கோழிக்குஞ்சின் பார்வை நரம்பைத் துண்டித்த பிறகும், பிம்பத்தை மங்கலாக்கினால் அந்தக் கண் நீண்டுகொண்டே போனது. நம் கண் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால், சுமார் இரண்டரை டயாப்டர் (கண்ணாடியின் ‘பவர்’ அளவு) கிட்டப்பார்வை வந்துவிடும்.

சரி, இதில் நிறம் எங்கே வருகிறது? கண்ணுக்குள் நுழையும் எல்லா நிறங்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அலைநீளம் குறைந்த நீலம் சற்று முன்னால் குவியும்; அலைநீளம் கூடிய சிவப்பு சற்றுப் பின்னால். சிவப்பு விளக்கு மட்டுமே உள்ள கூண்டில் ஒரு குஞ்சை வளர்த்தால், பிம்பத்தை எட்டிப்பிடிக்க அதன் கண் நீள வேண்டும். அப்படித்தான் நடந்தது. சிங்கப்பூரில் ஃபோல்ட்ஸ், பாரதி, லூ ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பு ஒளியில் வளர்ந்த குஞ்சுகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. அவற்றையே நீல ஒளிக்கு மாற்றியதும் அது விலகித் தூரப்பார்வையாகத் திரும்பியது. கினிப்பன்றிகளிலும் ஏறத்தாழ இதே போக்குதான். அலைநீளம் கூடிய ஒளியில் கிட்டப்பார்வை.

அப்புறம் வந்த முடிவுகள்தான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தவை. அமெரிக்காவில் ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்குச் சிவப்பு வடிகட்டி மாட்டி வளர்த்தார்கள். கண் நீளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நேர்மாறாக, வளர்ச்சி மந்தமாகித் தூரப்பார்வையே மிஞ்சியது. அணில் போன்ற சிறு பாலூட்டியான மர மூஞ்சூறுகளிலும் 2017இல் இதையே கண்டார்கள்.

இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் அளவுக்கு மீறி நீண்டுவிட்ட கண்ணில் சிவப்புப் பிம்பம் கூர்மையாகவும் நீலம் மங்கலாகவும் விழும். ஆகவே சிவப்பு மட்டும் ஓங்கியிருந்தால், ‘நான் போதுமான அளவு நீண்டுவிட்டேன்’ என்று அந்தக் கண் எடுத்துக்கொண்டு வளர்ச்சியைக் குறைக்கலாம். குஞ்சின் கண் பிம்பம் குவியும் இடத்தைத் தேடிப் போகிறது. மர மூஞ்சூறின் கண் நிறங்களை ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. எல்லா ஆய்வுகளும் இப்படிச் சுத்தமாகப் பிரிவதில்லை. ஒளியின் பிரகாசம், மினுக்கல், விலங்கின் வயது எல்லாமே விளைவை மாற்றுகின்றன.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கிட்டப்பார்வையைத் தடுக்க, சீனாவில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைக் கருவி மூலம் குழந்தைகளின் கண்ணில் காட்டுகிறார்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், தினம் இரண்டு முறை. கண் நீள்வது மட்டுப்படுவதாக 2022இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் 2023இல், அப்படிச் சிகிச்சை பெற்ற 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழில் செய்தி வந்தது. விழித்திரையை மருத்துவர் பரிசோதிக்காமல், தொடர்ந்து கண்காணிக்காமல், அந்தக் கருவியை எந்தக் குழந்தையின் முன்னாலும் தயவுசெய்து வைக்காதீர்கள்.