படிகத்துக்குள் ஒளி எழுதும் கோடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1966ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் உடனிருந்தவர்களும் லித்தியம் நியோபேட் படிகத்துக்குள் லேசரைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப் போக, நேராக வந்த கற்றை கலைந்து சிதறியது. ஒளி பட்ட இடத்தில் படிகத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, மாறியிருந்தது. ‘ஒளியால் வந்த பழுது’ என்றே அதைக் குறிப்பிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், அதே ஆய்வகத்தில் வேறு சிலர் அந்தப் பழுதைக் கொண்டே படிகத்துக்குள் ஹோலோகிராம், அதாவது ஒளிக்கற்றைகள் சந்தித்து உண்டாக்கும் வரிகளாகப் பதியும் படம், பதித்துவிட்டார்கள்!

நடப்பது இதுதான். இரண்டு லேசர் கற்றைகள் படிகத்துக்குள் சந்தித்தால், வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் விழும். படிகத்தில் சிறிதளவு இரும்பு கலந்திருப்பார்கள். வெளிச்ச வரியில் இருக்கும் இரும்பு எலக்ட்ரானை விட்டுவிடும். அது நகர்ந்து இருட்டு வரியில் போய் ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டம் இப்படி இடம் மாறியதும் உள்ளே மின்புலம் உண்டாகி, ஒளிவிலகல் எண்ணை வரிவரியாக மாற்றும். மாற்றம் 0.0001 அளவுதான். இவ்வளவு சிறிய மாற்றம் ஒளியைத் திருப்புமா?

திருப்பும், தடிமன் இருந்தால். இன்றிரவு குடையை விரித்து, துணி வழியே தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். ஒரே விளக்கு, கூட்டல் குறிபோலப் பல புள்ளிகளாகத் தெரியும். இப்படி வரிவரியாக அமைந்ததைக் கீற்றணி என்பார்கள். மெல்லிய கீற்றணியின் குணம் அது: எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் பல கிளைகளாகப் பிரிக்கும். இதை ராமன்–நாத் வகை என்று உலகமே சொல்கிறது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும் நாகேந்திர நாத்தும், ஒலியலை ஓடும் திரவத்தில் ஒளி என்னவாகும் என்று 1935 முதல் பெங்களூரிலிருந்து எழுதிய கட்டுரைகளால் வந்த பெயர். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

தடித்த கீற்றணி அப்படியல்ல. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலும் சிறியதுதான். ஆனால் ஆட்டத்தோடு சேர்ந்து தள்ளினால் ஊஞ்சல் உயர எழும். படிகத்தின் ஒவ்வோர் அடுக்கும் துளி ஒளியைத் திருப்புகிறது. வரிகளின் இடைவெளிக்கும் ஒளியின் அலைநீளத்துக்கும் பொருந்திய ஒரு கோணத்தில், அதாவது பிராக் கோணத்தில், வந்தால் அத்துளிகள் ஒத்துச் சேரும். கோணம் சற்றே விலகினாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். அரை மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கு, ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் போதும். உறிஞ்சப்படுவது போக, வந்த ஒளி முழுவதும் திரும்பிவிடும். ஆய்வாளர் கோகல்னிக் 1969இல் தந்த கணக்கு இது.

கோணம் மாற்றி மாற்றி எழுதினால் ஒரே படிகத்தில், புத்தகத்தின் பக்கங்கள்போல, பல ஹோலோகிராம்களைப் பதிக்கலாம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் 1993இல் 5000 ஹோலோகிராம்கள் பதித்துக் காட்டினார்கள்.

சரி, தடித்த ஒரே படிகத்துக்குப் பதிலாக, மெல்லிய கீற்றணிகளை இடைவெளி விட்டு அடுக்கினால்? என்னை மிகவும் கவர்ந்த கேள்வி இது. இடைவெளியில் கீற்றணி இல்லை. ஆனாலும் ஒளிக்கிளைகள் ஒன்றுக்கொன்று கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலை, மாறிக்கொண்டே பயணிக்கின்றன. மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறை தள்ளினாலும் ஊஞ்சல் எழுமல்லவா? ஆனால் அதே தாளத்துக்கு, வேறு வேகத்தில் ஆடும் ஊஞ்சலும் எழக்கூடும். அதனால் அடுக்குக் கீற்றணி ஒரு கோணத்தில் மட்டுமல்ல, இடைவெளி விட்டுப் பல கோணங்களில் ஒளிர்கிறது. அந்தக் கோணங்கள் எவ்வளவு தள்ளி அமையும் என்பதை அடுக்குகளின் இடைவெளியும், ஒவ்வொன்றும் எவ்வளவு கூர்மை என்பதை மொத்தத் தடிமனும் தீர்மானிக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. எழுதிய ஒளியாலேயே படித்தால், படிக்கப் படிக்க எழுத்து அழியும். எலக்ட்ரான்கள் மறுபடி கிளம்பிவிடும். அதற்கு 1971இல் ஒரு வழி கண்டார்கள். படிகத்தை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால், உள்ளிருக்கும் அயனிகள் நகர்ந்து எலக்ட்ரான் வரிகளுக்கு ஈடாக அமரும். ஆறியதும் அவை அசையாது. பிறகு எவ்வளவு ஒளி பட்டாலும் அந்த அயனி வரிகள் அப்படியே இருக்கும்.

நன்றி, வணக்கம்.