ஓ.டி.எஃப் கத்தி: ஒரே ஸ்பிரிங் வெளியவும் தள்ளுது, உள்ளயும் இழுக்குது, எப்படி?

(திரையில்: கருப்பு அலுமினியக் கைப்பிடி. கட்டைவிரல் ஸ்லைடரை முன்னால தள்ளுது. பிளேடு நேரா முன்பக்கம் வெளிய வருது. அதே காட்சி மெதுவா இன்னொரு தடவை.)

குரல்: ஸ்லைடரை முன்னால தள்ளினா பிளேடு வெளிய வருது. அதையே பின்னால இழுத்தா உள்ள போயிடுது. இதைப் பார்க்கிற பலரும், உள்ள ஒரு முரட்டு ஸ்பிரிங்கை அழுத்தி வெச்சிருக்காங்க, அது எப்போ விடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருக்குன்னு நினைக்கிறாங்க. ஆனா நீங்க தொடாத வரைக்கும் இந்த ஸ்பிரிங் தளர்ந்துதான் கிடக்கு. பிளேடு பாயறதுக்கான சக்தி மொத்தமும் அந்த ஒரு தள்ளுல உங்க கட்டைவிரல் குடுத்தது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா, இந்தக் கத்தி ஏன் சில சமயம் பாதியில நிக்குது, ஏன் லேசா ஆடுது, எல்லாமே புரிஞ்சிடும்.

(திரையில்: மூணு கத்திகள் பக்கத்துல பக்கத்துல.)

ஓ.டி.எஃப்னா ‘அவுட் தி ஃப்ரண்ட்’, அதாவது பிளேடு மடங்காம, கைப்பிடியோட முன்வாய் வழியா நேரா வெளிய வர்ற கத்தி. அப்படி வர்ற எல்லாத்துக்கும் ஸ்பிரிங் இருக்கணும்னு இல்ல. இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வெச்சிருந்த கத்தியில, நெம்புகோலைத் திறந்து முனையைக் கீழ பிடிச்சா பிளேடு தன் எடையிலயே இறங்கும். மரத்துல சிக்கின வீரன் ஒரு கையால கயிறு அறுக்கணும், அதுக்குத்தான் அது.

ரெண்டாவது வகை சிங்கிள் ஆக்‌ஷன். இதுல நிஜமாவே முரட்டு ஸ்பிரிங்தான். பட்டனை அமுக்கினா பிளேடு வேகமா வெளிய வரும். திரும்ப உள்ள கொண்டுபோக, ஒரு பிடியை இழுத்து உங்க கை பலத்தால ஸ்பிரிங்கை மறுபடி ஏத்தணும். பிளேடு உள்ள இருக்கிற நேரமெல்லாம் ஸ்பிரிங் விறைப்பாவே இருக்கும். மைக்ரோடெக் கம்பெனியோட ஹேலோ இந்த வகை.

இன்னிக்கு நாம பிரிச்சுப் பார்க்கப்போறது மூணாவது வகை, டபுள் ஆக்‌ஷன்: முதல்ல பார்த்த மாதிரி, ஒரே ஸ்லைடர்ல வெளிய வந்து உள்ள போறது. 1994ல அமெரிக்காவோட புளோரிடாவுல ஆரம்பிச்ச அதே மைக்ரோடெக் செய்யற அல்ட்ராடெக் இதுல பேர்போனது. பிளேடு நீளம் சுமார் 3.4 அங்குலம்.

(திரையில்: திருகுகளைக் கழட்டி, கைப்பிடியோட ஒரு பாதியை எடுத்துடறோம். பாகங்களுக்கு வண்ணம்: பிளேடு வெள்ளை, ஸ்லைடர் தகடு நீலம், ஸ்பிரிங் சிவப்பு, லாக் மஞ்சள்.)

பிளேடோட வால் பகுதியைப் பாருங்க. அதுல ஒரு சின்ன முளை இருக்கு, லாக் விழறதுக்குக் காடியும் வெட்டியிருக்கு. பிளேடுக்கு அடியில, ஸ்லைடரோட சேர்ந்து நகர்ற ஒரு நீளமான தகடு. அந்தத் தகட்டுல ஒரு இழு ஸ்பிரிங். ஸ்பிரிங்கோட ஒவ்வொரு நுனியிலயும் ஒரு கொக்கி: பின்கொக்கி, முன்கொக்கி. இந்த ரெண்டு கொக்கிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் பிளேடோட முளை ஓடுது. இந்த இடைவெளியை நல்லா மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா இந்த வடிவமைப்போட புத்திசாலித்தனம் முழுக்க அங்கதான் இருக்கு.

கடைசியா ரெண்டு லாக். பிளேடு உள்ள இருக்கும்போது பின் லாக் பிடிச்சிருக்கும். வெளிய இருக்கும்போது முன் லாக்.

(திரையில்: நீலத் தகடு மெதுவா முன்னால நகருது. சிவப்பு ஸ்பிரிங் நீளுது.)

இப்போ தள்ளுவோம். தகடு முன்கொக்கியை முன்னால கூட்டிக்கிட்டுப் போகுது. பின்கொக்கி வரமுடியாது. பிளேடோட முளை அதைத் தடுத்துக்கிட்டு நிக்குது, பிளேடைப் பின் லாக் பிடிச்சிருக்கு. அதனால ஸ்பிரிங் நீளுது. கட்டைவிரல்ல தெரியற எதிர்ப்பு இதுதான். போகப்போக இறுகும்.

ஸ்லைடர் ஓட்டம் முடியற இடத்துல, தகட்டுல வெட்டியிருக்கிற ஒரு சரிவு பின் லாக்கைத் தூக்கி விடுது. பிடி போச்சு. நீண்ட ஸ்பிரிங் சட்டுனு சுருங்குது, பின்கொக்கி முன்னால பாயுது, முளையைத் தள்ளிக்கிட்டே போகுது.

(திரையில்: அதே காட்சி, ரொம்ப மெதுவா. பின்கொக்கி நிக்குது. பிளேடு மட்டும் போய்க்கிட்டே இருக்கு.)

இங்க நிறுத்திப் பாருங்க. ஸ்பிரிங் எவ்வளவு நீண்டதோ அவ்வளவுதான் சுருங்கும். அதாவது ஸ்லைடர் நகர்ந்த தூரம் மட்டும்தான் பின்கொக்கி பிளேடைத் தள்ளும், அப்புறம் நின்னுடும். ஆனா பிளேடு போக வேண்டிய தூரம் அதைவிடப் பல மடங்கு. மிச்ச தூரத்தை பிளேடு எந்தத் தள்ளலும் இல்லாம, பெற்ற வேகத்துலயே கடக்குது. உண்டிவில்லோட ரப்பரை விட்ட கல்லு மாதிரி. அந்த ஓட்டத்தோட முடிவுல முன் லாக் காடிக்குள்ள விழுது, நமக்கு அந்த ‘டக்’ கேக்குது.

இப்போ முளை எங்க இருக்கு? முன்கொக்கிகிட்ட. அங்கதான் எனக்கு இந்தக் கருவி மேல மரியாதை வருது. உள்ள இழுக்கிறதுக்குன்னு தனியா எதையுமே சேர்க்க வேண்டியதில்ல. ஸ்லைடரைப் பின்னால இழுத்தா தகடு பின்கொக்கியைக் கூட்டிக்கிட்டுப் போகும். முன்கொக்கியை முளை தடுக்கும். அதே ஸ்பிரிங் நீளும். எதிர்ப்பக்கச் சரிவு முன் லாக்கைத் தூக்கும். முன்கொக்கி முளையைப் பின்னால தட்டிவிட, பிளேடு மறுபடி தானா ஓடிப்போய்ப் பின் லாக்ல உக்காரும். கண்ணாடியில பார்த்த மாதிரி அதே வேலை, திசை மட்டும் வேற.

(திரையில்: பிளேடு பாதியில தளர்ந்து நிக்குது.)

சினிமாவுல காட்டற மாதிரி இந்த வகைக் கத்தி எதையும் துளைச்சுக்கிட்டு வெளிய வராது. நடுவழியில பிளேடைத் தள்ள ஆளே இல்லையே. ஒரு துணி மடிப்பு குறுக்க வந்தாலும் நின்னுடலாம். ஆனா அதைச் சோதிக்க விரலை முன்னால வைக்காதீங்க. வேகம் இருக்கு, கூரும் இருக்கு.

அப்படி நின்னா, முளை ரெண்டு கொக்கிக்கும் நடுவுல அனாதையா இருக்கும், எந்த லாக்கும் பிடிச்சிருக்காது. இதை ‘ஆஃப் டிராக்’னு சொல்வாங்க. கத்தி உடையல. ஸ்லைடர் முன்னால இருந்தா, பிளேடோட தட்டையான பக்கத்தைப் பிடிச்சு, முன் லாக் விழற வரைக்கும் மெதுவா வெளிய இழுத்தா போதும்.

சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இந்த வீடியோவை எங்கிருந்து பார்க்கறீங்கங்கறது முக்கியம். அமெரிக்காவுல 1958ல வந்த கூட்டாட்சிச் சட்டம் இந்த மாதிரி தானியங்கிக் கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் விக்கறதைக் கட்டுப்படுத்துது. வெச்சிருக்கலாமா கூடாதாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கனடாவுல இது தடை செய்யப்பட்ட ஆயுதம். பிரிட்டன்ல 1959லயே விற்பனையைத் தடுத்துட்டாங்க, இங்கிலாந்து, வேல்ஸ்ல 2021ல இருந்து வீட்டுக்குள்ள வெச்சிருக்கறதும் குற்றம். இந்த வீடியோ உள்ள நடக்கற வேலையைப் புரிஞ்சுக்க மட்டும்தான், வாங்கச் சொல்லி இல்ல.

(திரையில்: பிளேடு நுனி பக்கவாட்டுல லேசா ஆடறது, பெரிதாக்கி.)

புதுக் கத்தியே ஆடுதுன்னு குறை சொல்றவங்க நிறைய பேர். சிங்கிள் ஆக்‌ஷன்ல ஸ்பிரிங் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டே வரும், அதனால பொருத்தத்தை இறுக்கி வைக்கலாம். டபுள் ஆக்‌ஷன்ல அது முடியாது. தன் வேகத்துலயே ஓடற பிளேடு உரசினா நின்னுடும். சுத்தி மயிரிழை இடைவெளி விட்டே ஆகணும், அந்த இடைவெளிதான் ஆட்டமாத் தெரியுது. ரொம்ப மலிவான கத்தியில ஆட்டம் அதிகமா இருக்கும், அது வேற கதை.

பராமரிப்பும் இதே காரணத்தைத்தான் சுத்தி வருது. கெட்டியான கிரீஸ் போட்டா பிளேடோட வேகத்தை அது தின்னுடும். சட்டைப்பையில சேர்ற நூல்தூசும் அப்படித்தான், எண்ணெயோட சேர்ந்தா பசையா மாறி ஓட்டத்தை மறிக்கும். முன்வாய் வழியா காத்தடிச்சு தூசியை வெளியேத்துங்க, அப்புறம் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அடிக்கடி ஆஃப் டிராக் ஆகுதுன்னா, ஸ்பிரிங்கைச் சந்தேகப்படறதுக்கு முன்னால இந்த அழுக்கைப் பாருங்க.