எரியுற வண்டி மேல ஒரு டெலிபோன்

வணக்கம் நேயர்களே. நான் முப்பது வருஷத்துக்கு மேல லைன்மேனா வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். உனக்கும் ரெண்டாம் உலகப்போருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. யுத்தக்கதைன்னா எல்லாரும் துப்பாக்கியத்தான் பாப்பாங்க, நான் வயரத் தேடுவேன், அவ்வளவுதான் சம்பந்தம்.

ஆடி மர்ஃபின்னு ஒரு பையன். அமெரிக்காவுல டெக்சாஸ். குத்தகை நிலத்துல பருத்தி எடுக்குற குடும்பம், பன்னெண்டு பிள்ளைங்க. அப்பா விட்டுட்டுப் போயிட்டார், 1941ல அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. முயலச் சுட்டுக் கொண்டுவந்தாத்தான் வீட்டுல கறி, குறி பாக்கக் கத்துக்கிட்டது அப்படித்தான். 1942ல பட்டாளத்துல சேரப் போனா, கடற்படை வீரர் பிரிவுல ஆள் ரொம்ப ஒல்லின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எடை 50 கிலோ! வயசும் பத்தல, அக்கா ஒரு வயசு கூட்டி எழுதிக் குடுத்து தரைப்படையில சேத்துவிட்டாங்க. டிரெயினிங்ல மயங்கி விழுந்துட்டானாம், இவன சமையல் வேலைக்கு அனுப்பிரலாம்னு மேலதிகாரியே நினைச்சிருக்கார். அந்தப் பையன்தான் 1943ல சிசிலி, அப்புறம் இத்தாலியில அன்சியோ, 1944 ஆகஸ்ட்ல தெற்கு பிரான்ஸ்னு வரிசையா இறங்கி, நடுவுல மலேரியாவுலயும் படுத்து எந்திரிச்சு, உயிருக்குயிரான சிநேகிதனையும் பறிகொடுத்துட்டு, ஆபீசராவும் ஆயிட்டான்.

இப்ப 1945 ஜனவரி 26க்கு வாங்க. பிரான்ஸ்ல ஜெர்மனி எல்லையோரம் கொல்மார் பக்கத்துல ஹோல்ட்ஸ்வீர்னு ஒரு கிராமம், எங்க பாத்தாலும் பனி. இவனுக்கு வயசு 19, ஞாபகம் வச்சுக்கோங்க. எதிர்ல ஆறு டேங்க், கூடவே அலை அலையா காலாட்படை. தன் ஆளுங்கள காட்டுக்குள்ள போங்கடான்னு அனுப்பிட்டு இவன் மட்டும் முன்னால நின்னுக்கிட்டான். கையில டெலிபோன்.

இந்த டெலிபோனப் பத்தித்தான் கொஞ்சம் பேசணும். தோள்ல மாட்டுற பைக்குள்ள ஒரு பெட்டி, உள்ள ரெண்டு பேட்டரி, அது பேசுறதுக்கு. கைப்பிடியச் சுத்தினா அந்தப் பக்கம் மணி அடிக்கும், அது மேக்னட்டோ, அதாவது கையால சுத்தி கரண்ட் உண்டாக்குற குட்டி ஜெனரேட்டர். பழைய எக்ஸ்சேஞ்ச் போன் பாத்தவங்களுக்குப் புரியும். வயர்ல செம்பு இழை கரண்ட்டுக்கு, கூடவே எஃகு இழை, இழுத்தா அறுந்துடக் கூடாதுன்னு. பீரங்கிக்காரன் பின்னால ரொம்ப தூரத்துல இருப்பான், குண்டு எங்க விழுதுன்னு அவன் கண்ணுக்குத் தெரியாது, முன்னால இருக்குறவன் 'இன்னும் கிட்ட போடு, வலப்பக்கம் தள்ளு'ன்னு சொல்லணும். அப்ப பீரங்கிக்குக் கண்ணு எது? வயர்தான். அந்த வயர் அனேகமா தரைமேலதான் கெடக்கும். குண்டுச் சில்லு பட்டாலும் போச்சு, டேங்க் ஏறினாலும் போச்சு. அறுந்தா ஒருத்தன் தவழ்ந்து போய் முனையத் தேடிப் புடிச்சு ஜாயிண்ட் போடணும். நான் மழையில கம்பத்துல ஏறினதுக்கே என் வீட்டம்மா திட்டுவாங்க, அந்த ஜாயிண்ட் போட்ட பையங்களுக்கு யார் பேரு வச்சா சொல்லுங்க?

சரி, கதைக்கு வரேன். பக்கத்துல டேங்க்க அடிக்கிற வண்டி ஒண்ணு, குண்டு பட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, எப்ப வேணா வெடிக்கலாம், அதுல இருந்தவங்க இறங்கி ஓடிட்டாங்க. இவன் அதுமேல ஏறி அங்க இருந்த மெஷின் கன்ன எடுத்துக்கிட்டான், டெலிபோனையும் விடல! எதிரி எவ்வளவு கிட்ட வந்துட்டான்னு பின்னாலேருந்து கேட்டதுக்கு, இருங்க, அவனுங்க கிட்டயே குடுக்கறேன் பேசுங்கன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. பத்து கஜ தூரம் வரைக்கும் வந்திருக்காங்க. பத்து கஜம்னா நம்ம வீட்டு வாசல்லேருந்து தெருக்குழாய். ஒரு மணி நேரம் அங்கயே நின்னிருக்கான், காலாட்படை போனதும் டேங்க்குங்களும் பின்வாங்கிடுச்சு. கால்ல அடி. தோட்டா தீந்ததும் இறங்கி, காயத்துக்கு மருந்தே வேண்டாம்னுட்டு, ஆளுங்களச் சேத்துக்கிட்டு திரும்ப எதிர்த்தாக்குதல் வேற.

இதுக்கு 1945 ஜூன் 2 அன்னிக்கு ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க் பக்கத்துல அமெரிக்காவோட மிகப்பெரிய வீரப்பதக்கம் குடுத்தாங்க. அன்னிக்கும் வயசு 19தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷமாம். வயரப் பேசிப் பேசியே... சரி, வேகமா சொல்லிடறேன். ஊருக்குத் திரும்பி நாப்பது படத்துக்கு மேல நடிச்சார் (இனிமே 'அவர்'னு சொல்றதுதான் மரியாதை). ஆனா தூக்கம் போச்சு. தலகாணிக்கு அடியில குண்டு போட்ட துப்பாக்கி. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, அத விடறதுக்காக ஒரு ரூமுக்குள்ள தன்னையே பூட்டிக்கிட்டார். கொரியா, வியட்நாம் போயிட்டு வந்தவங்களுக்கும் இதே பிரச்சினை, அவங்களுக்கு வைத்தியம் பாருங்கன்னு வெளிப்படையா பேசினார். வீரப்பதக்கம் வாங்கின ஆள் வாயால அப்ப இதச் சொல்றதுன்னா சும்மாவா. 1971 மே 28, வர்ஜீனியாவுல அவர் போன சின்ன விமானம் மலையில மோதிடுச்சு, 45 வயசு. சிவப்பு விளக்கு வந்துடுச்சு, வணக்கம்.